தார் போடுவதற்கு முன் தண்ணீரின் வழியைப் பாருங்கள்: பேரூராட்சிச் சாலை, பாலப் பணிகள் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் தெருவில் ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் மட்டம் உயர்கிறது. இப்போது வாசற்படி சாலைக்குக் கீழே போய்விட்டது; மழைநீர் வீட்டுக்குள் வருகிறது. இதைத் தடுக்க வழி உண்டா?

பதில்: உண்டு. பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, எடுத்த கனத்துக்கே புதிய அடுக்கைப் போட வேண்டும். வீடுகள் பள்ளத்தில் போகாதிருக்க, பழைய மேற்பரப்பைச் சுரண்டிய பிறகே புதிதாகச் சாலை போட வேண்டும் என்று தமிழகத் தலைமைச் செயலாளர் 2021 மே மாதத்திலேயே அறிவுறுத்தியிருக்கிறார். ஆகவே, இதைச் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை. மதிப்பீட்டில் ‘மில்லிங்’ (பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்தல்) தனி இனமாக இடம்பெற்றிருக்கிறதா என்பதை ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே பாருங்கள்; இல்லாத வேலையைப் பணி தொடங்கிய பிறகு ஒப்பந்ததாரரிடம் கேட்டுப் பெறுவது கடினம். சாலையின் நடுப்பகுதி ஓரத்தைவிட உயர்ந்திருக்கவும் வேண்டும். 5.5 மீட்டர் அகலச் சாலைக்கு 2.5 சதவீதச் சரிவு என்றால், நடுவில் ஏறத்தாழ 7 செ.மீ. உயரம் வரும். அந்தச் சரிவில் ஓடிவரும் நீரை வாங்கிக்கொள்ள ஓரத்தில் வடிகால் இல்லையெனில், முதலில் கட்ட வேண்டியது வடிகாலைத்தான்.

கேள்வி: நான் பேரூராட்சி வார்டு உறுப்பினர். நிதி குறைவு, பழுதான தெருக்களோ அதிகம். மிக மோசமான தெருவிலிருந்து தொடங்குவதுதானே நியாயம்?

பதில்: நியாயமாகத் தோன்றும், ஆனால் அந்த வரிசை நிதியை விரைவில் தீர்த்துவிடும். முற்றிலும் உடைந்த சாலைக்கு அடித்தளத்திலிருந்தே வேலை தேவைப்படுகிறது. மெல்லிய வெடிப்பு மட்டும் கண்ட சாலையை இந்த ஆண்டே மெல்லிய அடுக்கால் மூடிவிட்டால், நீர் உள்ளிறங்காமல் அது இன்னும் பல ஆண்டுகள் தாங்கும். விட்டுவிட்டால் அதுவும் உடைந்தவற்றின் பட்டியலில் சேர்ந்துவிடும். எனவே நிதியில் ஒரு பங்கை இத்தகைய சாலைகளுக்கு ஒதுக்குங்கள். உடைந்தவற்றில் பேருந்தும் பள்ளிப் பிள்ளைகளும் செல்லும் தெருவை முதலில் எடுத்து, மற்றவற்றில் குழிகளை முறையாக அடைத்து வாருங்கள்.

பட்டியல் போடுவதற்கு முன் இரண்டு செய்திகளை உறுதிசெய்துகொள்ளுங்கள். முதலாவது, சாலை யாருடையது என்பது: கடைத்தெரு வழியாகச் செல்லும் முக்கியச் சாலை பல ஊர்களில் நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பில் இருக்கும், அதற்குப் பேரூராட்சி நிதியை ஒதுக்க முடியாது. இரண்டாவது, குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடைப் பணி ஏதும் வரவிருக்கிறதா என்பது. புதுத் தாரை வெட்டிக் குழாய் பதித்து, பள்ளத்தை இறுகக் கெட்டிக்காமல் மேலே மூடிவிட்டுப் போவதால் சீரழியும் சாலைகள் ஏராளம்.

கேள்வி: டெல்டா பகுதியில் இருக்கிறோம். வாய்க்கால் மீதுள்ள பழைய பாலத்தில் கைப்பிடிச் சுவர் உடைந்து, மேற்பரப்பு குண்டும் குழியுமாகிவிட்டது. சுவரைக் கட்டித் தார் போட்டால் போதும் என்கிறார்கள். போதுமா?

பதில்: பாலத்தின் அடியில் இறங்கிப் பார்க்காமல் அப்படிச் சொல்வதை ஏற்காதீர்கள். பாலத்துக்கு வரும் பெருங்கேடு பெரும்பாலும் மேலிருந்து தெரியாது. நீரோட்டம் கரைச் சுவர்களின் அடியிலும் தூண்களின் அடியிலும் மண்ணை அரித்து அடித்தளத்தை வெளிக்கொணர்ந்திருக்கலாம். கட்டுமான இடுக்குகளில் முளைத்த அரசும் ஆலும் வேரால் சுவரைப் பிளந்திருக்கலாம். மேற்பரப்பின் குழிகளில் தேங்கிய நீர் கான்கிரீட்டுக்குள் இறங்கியிருந்தால், உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்து, அடிப்பக்கத்துக் கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளும். பெயர்ந்த இடத்தில் சிமெண்ட் பூசுவது நோயை மறைப்பதாகும். தளர்ந்த கான்கிரீட்டை முழுவதும் கொத்தி எடுத்து, கம்பியின் துருவை நீக்கி, தேய்ந்த கம்பிக்குத் துணைக் கம்பி சேர்த்த பிறகே புதிய கலவையால் மூட வேண்டும். கரைச் சுவரிலுள்ள நீர்க்கசிவுத் துளைகளும் மேல்தளத்தின் வடிகுழாய்களும் அடைபடாமல் இருக்க வேண்டும்.

பாலத்தின் மீது தார் அடுக்கை ஏற்றிக்கொண்டே போவதும் தவறு. 20 மீட்டர் நீளமும் 7.5 மீட்டர் அகலமும் உள்ள தளத்தில் 5 செ.மீ. தார்க் கலவையைக் கூடுதலாகப் போட்டால், ஏறக்குறைய 18 டன் எடை நிரந்தரமாக அதன் மீது அமர்கிறது. மூன்று முறை அப்படிச் செய்தால் 54 டன். சாலை மட்டம் ஏறும் அளவுக்குக் கைப்பிடிச் சுவரின் உயரமும் குறைந்து போகும். பழைய அடுக்கை அகற்றிய பின்னரே புதியதைப் போட வேண்டும். வெப்பத்தில் தளம் விரிந்து சுருங்குவதற்காக விடப்பட்டுள்ள இணைப்பு இடைவெளிகளின் மீது தாரை நிரப்பி மூடிவிடவும் கூடாது.

உங்கள் பகுதியில் காலமே பெரிய கட்டுப்பாடு. மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28 அன்று மூடப்பட்டு, ஜூன் 12 அன்று திறக்கப்படுகிறது. அடித்தளத்தை ஆராயவும் அரிப்பைச் சரிசெய்யவும் வாய்க்கால் வறண்டிருக்கும் அந்த நான்கரை மாதமே வாய்ப்பு. ஆய்வு, மதிப்பீடு, நீர்வளத் துறையின் ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி என எல்லாவற்றையும் ஜனவரிக்குப் பிறகு தொடங்கினால் வேலை கைக்கு வரும்போது தண்ணீரும் வந்துவிடும். ஆகவே, அணை மூடியதும் ஆய்வை முடித்து, அதே ஆண்டுக்குள் காகித வேலைகளை நிறைவேற்றி, அடுத்த வறட்சிக் காலத்தில் பணியைச் செய்யத் திட்டமிடுங்கள். அதுவரை கனரக வாகனங்களுக்கு மாற்றுப்பாதை தேவையா என்பதைப் பொறியாளரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

கேள்வி: பிளாஸ்டிக் கலந்த சாலை எங்கள் ஊருக்குப் பொருந்துமா?

பதில்: பொருந்தும். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் உருவாக்கிய முறை இது. துண்டாக்கிய பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின் மீது படியச் செய்து, பிறகு தாரைக் கலக்கிறார்கள். பி.வி.சி. சேரக் கூடாது. ஆனால் வடிகால் இல்லாத தெருவை இதுவும் காப்பாற்றாது.

கேள்வி: குறிப்பிட்ட கனத்துக்குத் தார் போட்டார்களா என்பதைப் பொதுமக்கள் எப்படி அறிவது?

பதில்: கணக்கு எளியது. ஒரு கிலோமீட்டர் நீளம், 5.5 மீட்டர் அகலம், 3 செ.மீ. கனம் என்றால் 165 கனமீட்டர். கெட்டித்த கலவை ஒரு கனமீட்டர் சுமார் 2.4 டன் என்பதால், ஏறத்தாழ 400 டன் கலவை வந்திருக்க வேண்டும். வந்த லாரிகளின் எடைச்சீட்டுகளைக் கூட்டிப் பாருங்கள். சூட்டையும் கவனியுங்கள்: வி.ஜி. 30 (தாரின் பாகுத்தன்மையைக் குறிக்கும் தரம்) தார்க் கலவையைப் பரப்பும்போது வெப்பம் 140 டிகிரி செல்சியசுக்குக் குறையக் கூடாது. 90 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் ரோலர் ஓட்டி முடிக்க வேண்டும். ஈரத் தரையிலும் மழையிலும் போடவே கூடாது என்பதால், வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் வேலையை ஒத்திவைக்கச் சொல்லுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் பிரிவு 2(j), ஆவணங்களைப் பார்வையிடும் உரிமையோடு, பணியை நேரில் பார்வையிடவும் பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் உரிமை தருகிறது. 10 ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பித்து, மதிப்பீட்டின் நகலையும் செய்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவைப் புத்தகத்தின் உரிய பக்கங்களையும் கேளுங்கள். ஒப்பந்ததாரர் எத்தனை ஆண்டுகள் பழுதைத் தம் செலவில் சரிசெய்யக் கடமைப்பட்டவர் என்பதையும் அதே விண்ணப்பத்தில் கேட்டுவிடுங்கள்.