வீட்டை விற்பதற்கு முன் புதுப்பித்தால் நல்ல விலை கிடைக்குமா?

“பழைய வீட்டை விற்கப் போகிறோம். முழுக்க பெயின்ட் அடித்து, சமையலறையையும் மாற்றிவிட்டால் போட்ட காசு விலையில் திரும்ப வந்துவிடும் என்கிறார்கள், உண்மையா?” என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் வராது. எனக்கு வரவில்லை.

நீங்களும் என்னைப் போல அப்பா அம்மா இருந்த வீட்டைத்தான் விற்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆளுக்கொரு யோசனை சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள், நானும் கேட்டேன்.

எங்கள் வீட்டில் குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஓதம். பெயின்ட் கொப்பளித்து, விரலால் தொட்டால் மாவு போல வெள்ளையாக உப்பு உதிரும். அதைச் சுரண்டி, பட்டி பார்த்து, இரண்டு கோட்டிங் அடித்தோம். பளிச்சென்று ஆகிவிட்டது. சமையல் மேடையைப் பெயர்த்து வேறு கல் போட்டோம், அலமாரிக் கதவுகளை எல்லாம் மாற்றினோம். கையில் இருந்ததில் பெரும்பகுதி அதிலேயே போனது.

முதலில் பார்க்க வந்தவருக்கு வீடு பிடித்துவிட்டது. மறுவாரம் வயதான ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெரியவர் சமையலறைப் பக்கமே போகவில்லை. நேராக அந்தச் சுவரிடம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். புறங்கையை வைத்துப் பார்த்தார். அப்புறம் விரல் முட்டியால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தார். மேலே கெட்டியாகக் கேட்ட சத்தம் கீழே வரவர உள்ளே காலியாக இருப்பது போல மாறியது. “பூச்சு விட்டுப்போச்சும்மா. தண்ணி எங்கேயிருந்து வருதுன்னு பார்த்தீங்களா?” என்றார். என்னிடம் பதில் இல்லை. வாங்க வந்தவர் அதற்குப் பிறகு ஒவ்வொரு சுவரையும் காட்டி, “இதுக்கும் புதுசா அடிச்சிருக்கீங்களா?” என்று கேட்க ஆரம்பித்தார். மறைக்க நினைத்தது ஒரு சுவரை, அவருக்குச் சந்தேகம் வந்தது வீடு முழுவதும். திரும்ப வரவே இல்லை.

ஓதச் சுவரில் பெயின்ட் நிற்காததற்குக் காரணம் எளிமையானது. செங்கல்லிலும் சிமென்ட்டிலும் உள்ள உப்பைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு மேல்பரப்புக்கு வருகிறது. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு அங்கேயே படிகமாகி மேலே இருப்பதைத் தள்ளிவிடும். தண்ணீரை நிறுத்தாதவரை எவ்வளவு விலை உயர்ந்த பெயின்ட்டும் உரியும். அந்தப் பெரியவர் போன பிறகு பிளம்பரை அழைத்து குளியலறை டைல்ஸைப் பெயர்த்துப் பார்த்தால், உள்ளே ஒரு குழாய் இணைப்பில் சொட்டுச் சொட்டாகக் கசிவு. அதை மாற்றி, பூச்சைக் கொத்தி, செங்கல் தெரிய இரண்டு மாதம் காயவிட்டுத்தான் மறுபடி பூசினோம். சமையலறைக்குக் கொட்டிய பணத்தில் இது சிறு பங்குகூட இல்லை.

பெயின்ட்டே அடிக்கக் கூடாது என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். சுத்தமாக வைத்திருப்பது, வேண்டாத சாமான்களை வெளியேற்றுவது, ஆடும் தாழ்ப்பாளையும் ஒழுகும் குழாயையும் சரிசெய்வது, இதெல்லாம் அவசியம். சமையலறை அப்படியல்ல, அது வாங்குபவரின் ரசனை. கடைசியில் வாங்கியவர் குடிவருவதற்கு முன்பே என் புது மேடையை இடித்து வேறு கட்டிக்கொண்டார்.

இன்னொன்று விலை. “முதலில் ஏற்றிச் சொல், பிறகு குறைக்கலாம்” என்பார்கள். புதிதாக விற்பனைக்கு வரும்போதுதான் நிறையப் பேர் பார்க்கிறார்கள். நாள் போகப்போக, விலை குறைந்தாலும், “ஏன் இன்னும் போகலை, என்ன குறை?” என்றுதான் கேட்பார்கள். நம் பொருளுக்கு நாமே கூடுதல் விலை போடுவது மனித இயல்பு. டேனியல் கானமன் என்ற உளவியலாளரும் ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் என்ற பொருளாதார அறிஞர்களும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், சிலரிடம் சாதாரணக் குவளையைக் கொடுத்து அதை விற்கச் சொன்னபோது, குவளை கிடைக்காதவர்கள் தரத் தயாராக இருந்ததைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விலையை அவர்கள் கேட்டார்கள். சற்று முன் கிடைத்த குவளைக்கே அப்படி. வளர்ந்த வீட்டுக்குச் சொல்லவா வேண்டும்?

எங்கள் வீட்டுக்கு விலை வைத்தது அண்ணன், அதுவும் தொலைபேசியில். அம்மா படுத்திருந்த நாட்களில் வரவில்லை. பரணிலிருந்த பாத்திரங்களையும் அப்பாவின் காகிதக் கட்டுகளையும் நான் ஒருத்தியாக இறக்கிப் பிரித்தபோதும் வரவில்லை. ஆனால், “இதற்குக் கீழே ஒரு காசு குறையக் கூடாது” என்று சொல்ல உரிமை இருந்தது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனாலும் கூடப்பிறந்தவர்களோடு சேர்ந்து விற்கிறீர்கள் என்றால் செலவையும் வேலையையும் யார் ஏற்பது என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பத்திரம், வரி ரசீது, கட்டட வரைபடம் எல்லாம் விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே கையில் இருக்கட்டும்.

அடுத்து வந்தவரிடம் நானே அந்தச் சுவரைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். பழைய குழாயின் போட்டோ, பிளம்பர் தந்த ரசீது இரண்டையும் கொடுத்தேன். அவரும் புறங்கையை வைத்துப் பார்த்தார். உலர்ந்திருந்தது. “சரி, தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கு?” என்று கேட்டுக்கொண்டே மாடிப்படி ஏறினார்.