இஸ்திகாரா தொழுத பிறகும் சம்பந்தம் முறிந்தால்

வஅலைக்கும் ஸலாம் சகோதரி. இஸ்திகாரா (ஒரு முடிவில் எது நன்மையோ அதை அல்லாஹ்விடம் நாடிக் கேட்கும் தொழுகை) தொழுதீர்கள், மனசுக்குப் பிடித்த இடம், நிக்காஹ் தேதி குறிக்கும் நேரத்தில் முறிந்துவிட்டது. "என் துஆவை அல்லாஹ் ஏற்கவில்லையா?" என்று கேட்கிறீர்கள்.

நபித்தோழர் ஜாபிர் (ரலி) அறிவிக்கும், நபிமொழித் தொகுப்பான புகாரியில் உள்ள அந்த இஸ்திகாரா துஆவை நிதானமாக ஓதிப் பாருங்கள். "இது எனக்குத் தீங்கென்றால் இதை என்னைவிட்டும், என்னை இதைவிட்டும் திருப்பிவிடு, நன்மை எங்கிருந்தாலும் அதை எனக்கு விதித்துவிடு, பிறகு அதில் என்னைத் திருப்தியாக்கு" என்றுதானே கேட்டீர்கள்? அவர்கள் விலகிப்போனதும் அந்த துஆவுக்குள் அடங்கியதுதான். திருப்தி இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். அதைத் தொடர்ந்து கேளுங்கள். (இஸ்திகாராவுக்குப் பதிலாகக் கனவு வந்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் குழம்பாதீர்கள், ஹதீஸில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை.)

கணவர் அபூ ஸலமா (ரலி) மவுத்தானபோது, நபி (ஸல்) கற்றுத்தந்தபடி "இதைவிடச் சிறந்ததைத் தா" என்று உம்மு ஸலமா (ரலி) துஆ செய்தார்கள். ஆனால் 'அபூ ஸலமாவைவிடச் சிறந்தவர் யார் இருக்கிறார்?' என்றும் அவர்கள் மனம் கேட்டது. பின்னர் நபி (ஸல்) அவர்களையே மணமுடித்தார்கள். மனசு ஒப்பாமலே கேட்ட துஆவும் வீணாகவில்லை, பாருங்கள்.

அழுகை வந்தால் அழுங்கள். மகன் யூசுஃபைப் பிரிந்த நபி யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் துக்கத்தால் வெளுத்தன என்று குர்ஆனின் 12ஆவது சூரா சொல்கிறது. அவர்கள் முறையிட்டது அல்லாஹ்விடம். வீட்டில் அடுத்த மாப்பிள்ளைக்கு அவசரப்படுத்தினால், உம்மாவிடம் கொஞ்சம் அவகாசம் கேளுங்கள்.