சீட்டாட்டப் புரோகிராமுக்குப் பேட்டன்ட் வாங்கலாமா?

கேள்வி: 304 ஆட்டத்தைத் தானாகவே ஆடும் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதியிருக்கிறேன். "உடனே பேட்டன்ட் எடுக்காவிட்டால் வேறு யாராவது எடுத்துவிடுவார்கள், 45,000 ரூபாய் ஆகும்" என்கிறார் ஓர் ஏஜென்ட். கொடுக்கலாமா? – வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: கொடுக்காதீர்கள். பேட்டன்ட் சட்டத்தின் 3ஆவது பிரிவு வெறும் கம்ப்யூட்டர் புரோகிராமுக்கும், ஒரு விளையாட்டை ஆடும் முறைக்கும் பேட்டன்ட் இல்லை என்கிறது. உங்களுடையது இரண்டிலும் மாட்டுகிறது. வேறு யாராலும் எடுக்கவும் முடியாது.

அப்புறம் அந்த ஏஜென்ட் என்னதான் செய்வார்? தற்காலிக விண்ணப்பம் ஒன்றைப் போடுவார். தனிநபருக்கு அதன் கட்டணம் 1,600 ரூபாய்தான். ஏற்காட்டிலிருந்து வந்த ஒருவர் லேமினேட் செய்த 'பேட்டன்ட் சர்டிபிகேட்' ஒன்றை என்னிடம் காட்டினார். பார்த்தால், விண்ணப்பம் போட்ட ரசீது! 12 மாதத்துக்குள் கண்டுபிடிப்பின் முழு விவரக்குறிப்பு கொடுக்காவிட்டால் அந்த விண்ணப்ப எண்ணும் செத்துப்போகும். பேட்டன்ட்டையும் காப்பிரைட்டையும் நம் செய்திகளில் 'காப்புரிமை' என்ற ஒரே சொல்லால் எழுதிவிடுகிறோம். இந்த மாதிரி ஏஜென்ட்களின் பிழைப்பே அந்தக் குழப்பத்தில்தான் ஓடுகிறது.

உங்களுக்கு வேண்டியது காப்பிரைட், அதாவது எழுதியதை மற்றவர் நகலெடுக்காமல் காக்கும் உரிமை. 304 ஆட்டத்தில் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20 என்ற கணக்கு ஊருக்கே பொது. கவிழ்த்து வைத்த துருப்பு எதுவாக இருக்கும் என்று, கண்ணில் படாத சீட்டுகளை ஆயிரம் விதமாகப் போட்டுப் பார்க்கும் உத்தியும் அப்படியே. நீங்கள் உட்கார்ந்து எழுதிய கோடு (code, புரோகிராமின் வரிகள்) மட்டும், எழுதிய அன்றே உங்களுடையது. பதிவு கட்டாயமில்லை. வேண்டுமென்றால் ஆன்லைனில் 500 ரூபாய். கோடின் முதல் 10 பக்கமும் கடைசி 10 பக்கமும் கேட்பார்கள். கோடுக்குப் பக்கம் ஏது என்று அங்கே யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. யாராவது ஆட்சேபம் சொல்கிறார்களா என்று 30 நாள் சும்மா காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு எப்போது வரும் என்று கேட்காதீர்கள்.

ஒன்றை மட்டும் பாருங்கள். ஐடி கம்பெனியில் வேலை செய்கிறீர்களா? வேலையின் பகுதியாக எழுதியது என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை கம்பெனிக்குத்தான். ராத்திரி வீட்டில் எழுதினேன் என்பது மட்டும் போதாது. உங்கள் வேலையே கேம் எழுதுவதா, கம்பெனி லேப்டாப்பில் எழுதினீர்களா என்றெல்லாம் கேள்வி வரும். சில கம்பெனிகள் வேலையில் இருக்கும்வரை எதை எழுதினாலும் தங்களுக்கே என்று கையெழுத்து வாங்கிவிடுகின்றன. ஆபர் லெட்டரோடு வந்த, யாரும் படிக்காத அந்தப் பத்துப் பக்கத்தை முதலில் எடுத்துப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் எச்.ஆரிடம் ஈமெயிலில் கேளுங்கள். வாய்ப்பேச்சாகச் "சரி, பண்ணிக்கங்க" என்றால் அதை நம்பி இறங்காதீர்கள்.