அம்மா கையேட்டைத் தொடாதது அலட்சியம் இல்லைங்க

அடுத்த வாரம் கீமோ (புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை), அதைப் பற்றி டாக்டர் தந்த கையேட்டை அம்மா பிரிக்கவே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். நோயின் பெயரைக் கேட்ட அதிர்ச்சியில் மற்றதெல்லாம் காதில் ஏறாது. என் அக்காவும் அப்படித்தான் இருந்தார்.

முதலில் "உனக்கு எது பயமா இருக்கும்மா?" என்று கேளுங்கள். அக்காவின் கவலை முடி கொட்டுவது அல்ல, பேரனைத் தூக்கலாமா என்பதுதான். அங்கிருந்துதான் பேச்சே தொடங்கியது. எல்லாம் தெரிய வேண்டாம் என்றால், அதுவும் அவர் உரிமை.

ஒன்றை மட்டும் விடாதீர்கள். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், நடுராத்திரியானாலும் உடனே மருத்துவமனையைக் கூப்பிட வேண்டும். ஒவ்வொரு முறை கீமோ ஏற்றிய பிறகும் 7 முதல் 14 நாளுக்குள் பெரும்பாலும் கிருமிகளை எதிர்க்கும் ரத்த வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். சொல்லிவிட்டு "புரிஞ்சதா?" என்று கேட்டால் தலையாட்டிவிடுவார். "ராத்திரி காய்ச்சல் வந்தா என்னம்மா செய்வே?" என்று கேட்டு, அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள்.