தைராய்டும் ஆட்டிசமும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மூன்று வயது மகனுக்கு ஆட்டிசம். எனக்குப் பல வருடமாக ஹாஷிமோட்டோ தைராய்டு (உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் நோய்). அதனால்தான் வந்தது, 'ஆன்டிபாடி' டெஸ்ட் எடுங்கள் என்கிறார்கள் ஒரு லேபில். இப்போது எனக்கு இரண்டாவது மாதம்.
– வாசகி, மன்னார்குடி

பதில்: உங்களால் வந்தது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆட்டிசத்தில் பெரும்பங்கு மரபணுவுக்கே. தாயின் ரத்தத்தில் இருக்கும் நோய் எதிர்ப்புப் புரதங்களான ஐ.ஜி.ஜி. ஆன்டிபாடிகள் நஞ்சுக்கொடி வழியே கருவுக்குப் போவது இயற்கை. பிறந்த பின் சில மாதம் குழந்தைக்கு அதுதான் காப்பு. அவற்றில் சில, கருவின் மூளைப் புரதங்களையே பற்றிக்கொள்கின்றனவா என்பதுதான் ஆராய்ச்சி. 2008இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், ஆட்டிசக் குழந்தைகளின் தாய்மார் 61 பேரில் 7 பேரிடம் அப்படிப்பட்ட ஒரு ஜோடி ஆன்டிபாடி தென்பட்டது. ஹாஷிமோட்டோவில் உங்களுக்கு இருக்கும் டி.பி.ஓ. என்ற ஆன்டிபாடி அதுவல்ல, அது தைராய்டைத் தாக்குவது. லேப் ரிப்போர்ட்டில் எது வந்தாலும் மகனின் சிகிச்சை மாறாது. அந்தப் பணத்தில் பேச்சுப் பயிற்சிக்குப் போங்கள், அரசின் டி.இ.ஐ.சி. (மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு) மையங்களில் அது இலவசம்.

உடனே பார்க்க வேண்டியது டி.எஸ்.ஹெச்., அதாவது தைராய்டைத் தூண்டும் ஹார்மோனின் ரத்த அளவு. அது 2.5க்குக் கீழே இருப்பது நல்லது. பாதிக் கர்ப்பகாலம் வரை நாலு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். கர்ப்பத்தில் தைராய்டு மாத்திரை அளவு கால் பங்குக்கு மேலும் கூட்ட வேண்டி வரும். அதை டாக்டர் சொல்லட்டும், பயந்து நிறுத்திவிடாதீர்கள். பலருக்கு அளவு சரியாக இருந்தும் டி.எஸ்.ஹெச். இறங்காது. நம் பக்கத்தில் முதல் சந்தேகம் காபி மேல்தான். வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்துக் காபி. சுகாதார நிலையத்தில் தரும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி.

கேள்வி: நன்றாகப் பேசிய ஐந்து வயதுப் பேத்தி இரண்டு வாரத்தில் பேச்சை நிறுத்திவிட்டாள். தூக்கமில்லை, வாயைக் கோணுகிறாள். ஆட்டிசமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: அச்சுக்குக் காத்திராமல் போனிலேயே சொல்லிவிட்டோம், மற்றவர்களுக்காக இங்கே. ஆட்டிசத்தில் பேச்சு பின்வாங்குவது பெரும்பாலும் ஒன்றேகால் முதல் இரண்டு வயதுக்குள். ஐந்து வயதில், இத்தனை வேகத்தில் என்றால் மூளை அழற்சியைச் சந்தேகிக்க வேண்டும். மூளைச் செல்களில் இருக்கும் என்.எம்.டி.ஏ. ஏற்பி என்ற புரதத்தை ஆன்டிபாடி தாக்கும் வகை 2007இல் விவரிக்கப்பட்டது. வலிப்பும் வரலாம். எம்.ஆர்.ஐ. நார்மல் என்று வீடு திரும்பிவிடக் கூடாது, இதில் அது பல சமயம் நார்மலாகவே இருக்கும். மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி.யும் முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனையும் அவசியம். ரத்தத்தில் பிடிபடாத ஆன்டிபாடி அந்த நீரில் பிடிபடும். ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் ஊசிகளை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறார்களோ அவ்வளவு நல்லது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அன்றே கிளம்பிவிட வேண்டும்.