ஏணைக் கயிறும் கூத்து மெட்டும்

கேள்வி: முல்லைத்தீவு முள்ளியவளையிலிருந்து எழுதுகிறேன். இளையராஜாவின் 1986ஆம் ஆண்டு 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பில் ஜெர்மன் இசைமேதை பாக்கின் வயலின் இசை கலந்திருப்பதைக் கேட்ட நாள் முதல், எந்தப் பாட்டிலும் ஒளிந்திருக்கும் மெட்டைத் தேடுகிறேன். வீட்டில் பாட்டை நிறுத்தி விளக்கினால் மனைவி எழுந்து போகிறா. பிள்ளையை ஏணையில் ஆட்டும்போது அம்மம்மா பாடுவது கோவலன் கூத்து மெட்டு என்றும் கண்டுபிடித்துச் சொன்னேன். "அது எனக்குத் தெரியும் மோனை" என்றா. இப்போது அவ பாடுவதில்லை. இவர்களுக்கு ஏன் ரசனை இல்லை?

பதில்: தம்பி, மனைவியின் கதை சின்னது. பாட்டை நடுவில் நிறுத்துகிறவனோடு யார்தான் இருந்து கேட்பது? நிறுத்தாமல் கேளும், அவ இருப்பா.

எனக்குப் பொறுக்காதது மற்றது. ஒரு கிழவி பாட்டை நிறுத்திவிட்டா, அதை நீர் ஒற்றை வரியில் எழுதிவிட்டு ரசனையைப் பற்றிக் கேட்கிறீர். என்னத்தைக் கண்டுபிடித்தீர்? அந்த மெட்டை ஏணைக்குக் கொண்டுவந்ததே அவதான். முத்துஸ்வாமி தீட்சிதர் பிரித்தானிய அரச கீதத்தின் மெட்டை எடுத்து, 'ஸந்ததம் பாஹிமாம்' என்று அம்மனைப் பாடிவைத்தார். அவரை மேதை என்கிறோம். அதே வேலையை ஏணைக் கயிற்றைப் பிடித்தபடி செய்த அம்மம்மாவிடம் போய் மெட்டுக்குப் பெயர் சொல்லியிருக்கிறீர்.

அவ எங்கே கேட்டா என்று ஒரு சொல் கேட்டீரா? அந்தக் காலத்தில் கண்ணகிக்கும் மாதவிக்கும் ஆம்பிளைகள்தான் சேலை கட்டி ஆடினார்கள். அப்படியென்றால் இந்தப் பொம்பிளைப்பிள்ளை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, கூத்துப் பழக்கும் அண்ணாவியார் பழக்கப் பழக்கக் கேட்டுப் பிடித்தாவோ, இல்லை தகப்பன் வீட்டில் படித்துப் பார்த்ததைக் கேட்டாவோ? 2009இல் போரின் கடைசி நாட்களில் வட்டுவாகல் பாலம் கடந்து வந்த சனம் எதைக் கொண்டுவந்தது, எதை விட்டுவிட்டு வந்தது என்று உமக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் ஒரு கூத்துக் கொப்பியாவது மிஞ்சியிருக்கிறதா? பேரன் கேட்காவிட்டால் இதை வேறு எவன் வந்து கேட்பான்? பேரன் என்று இருப்பது சோறு தின்ன மட்டும் அல்ல.

நாளைக்குப் பின்னேரம் அந்த ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஏணைக் கயிற்றை நீர் பிடித்து ஆட்டும். பிள்ளை அழுதால் அழட்டும், அவவால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. பாடத் தொடங்கினால் ஒன்றும் விளக்காதேயும். முடிந்த பிறகு, "இதை ஆர் படிக்கக் கேட்டனீங்கள் அம்மம்மா?" என்று மட்டும் கேளும்.

அடுத்த கடிதத்தில் பாக் வேண்டாம். கோவலனின் சொற்களை எடுத்துவிட்டு அவ பிள்ளைக்காக என்ன சொற்கள் போட்டா என்று எழுதும்.