குத்துக்குப் பிறகுதான் தீர்ப்பு

கேள்வி: 1936-இல் ஃபிராங்க் காப்ரா இயக்கிய ‘மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்’ பார்த்தேன். எதிர்பாராமல் சொத்து கிடைத்த கூச்ச சுபாவி, கடைசியில் நீதிமன்றத்தில் வாய் திறந்து வழக்கை வென்று, வென்ற மிதப்பில் எதிர்த்தரப்பு வக்கீலைக் குத்துகிறான். காதலி அழுததும் ஊமை பேசிவிடும் நம்மூர்ப் படங்களைவிட இது எந்த விதத்தில் மேல்?
— வாசகர், கும்பகோணம்

பதில்: படத்தை இன்னொரு முறை பாருங்கள். லாங்ஃபெலோ டீட்ஸ் வக்கீலைக் குத்துவது தீர்ப்புக்கு முன்பே. கோபம் வந்தால் கை நீட்டுகிறான் என்பதும் அவனைப் பைத்தியம் என்று நிரூபிக்க அடுக்கப்பட்ட சாட்சியங்களில் ஒன்றாக இருக்கும்போது, அதே நீதிபதியின் கண்ணெதிரே அவன் கை நீட்டுகிறான். வென்றவனின் மிதப்பு என்று இதை எப்படிச் சொல்வீர்கள்?

கூச்சத்தையும் மௌனத்தையும் நீங்கள் ஒன்றாக்கிவிட்டீர்கள். தான் எழுதிய கவிதையைக் காதலி பேப் பென்னட்டின் கையில் திணித்துவிட்டு, இருட்டில் குப்பைத் தொட்டிகளில் இடறி விழுந்தபடி ஓடுகிறானே, அது கூச்சம். தன்னைப் பத்திரிகையில் கேலிப்பொருளாக்கியவள் அவளேதான் என்று தெரிந்தபின், வக்கீலும் வைத்துக்கொள்ளாமல், கேட்ட கேள்விக்குப் பதிலும் சொல்லாமல் நீதிமன்றத்தில் உட்கார்ந்திருப்பது மனம் விட்டுப்போனவனின் மௌனம். அவள் சாட்சிக் கூண்டில் தன் காதலை ஒப்புக்கொள்வது அதைக் கலைக்கிறது என்பதில், ஊமை பேசும் படங்களோடு இதற்கு உறவு உண்டென்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால், பேசத் தொடங்கியவன் என்ன பேசுகிறான் என்பதில்தான் திரைக்கதை எழுதிய ராபர்ட் ரிஸ்கினின் கைத்திறன் இருக்கிறது. தான் டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுகருவியை வாசிப்பது யோசிப்பதற்காக என்றும், யோசிக்கும்போது ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு கிறுக்குத்தனம் செய்வார்கள் என்றும் சொல்லும் டீட்ஸ், அச்செழுத்துகளில் உள்ள வட்டங்களைப் பென்சிலால் நிரப்பிக்கொண்டிருக்கும் நீதிபதியையே அதற்கு உதாரணம் காட்டுகிறான். அவனுக்குக் குட்டிச்சாத்தான் பிடித்திருக்கிறது என்று சாட்சி சொன்ன கிழவிகளும், தங்கள் இருவரைத் தவிர ஊரில் அத்தனை பேருக்கும் அது பிடித்திருப்பதாக ஒப்புக்கொண்டு விடுகிறார்கள். இதைச் சொற்பொழிவு என்பதைவிடக் குறுக்கு விசாரணை என்பதே பொருந்தும்.

நீங்கள் குறை சொல்லியிருக்க வேண்டிய இடம் வேறு. மாமா விட்டுச்சென்ற 2 கோடி டாலரில் 1 கோடியே 80 லட்சத்தை, பொருளாதாரப் பெருமந்தத்தில் நிலமிழந்த உழவர்களுக்கு, ஆளுக்கு 10 ஏக்கரும் ஒரு குதிரையும் ஒரு பசுவும் விதையும் கொடுத்து, 3 ஆண்டு உழுதால் நிலம் அவர்களுக்கே சொந்தம் என்ற ஏற்பாட்டில் செலவிடவிருந்ததுதான் வழக்கையே கிளப்பியது. தீர்ப்பு வந்ததும் உழவர்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறார்கள், அவன் திமிறிக்கொண்டு திரும்பி வந்து காதலியைத் தூக்கி முத்தமிடுகிறான், படம் முடிந்துவிடுகிறது. அந்த நிலத்தில் ஒரு சாண் கூட நமக்குக் காட்டப்படவில்லை.